இறந்தவரின் சிம்மை உடனே நிறுத்தாதீர்கள்

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய கைபேசி எண்ணை ஆறு மாதமாவது குறைந்த கட்டண ரீசார்ஜில் உயிரோடு வைத்திருங்கள். கேஸ் பதிவு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத் தகவல், எல்.ஐ.சி. பிரீமியம் நினைவூட்டல் எல்லாம் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் இல்லாமல் விட்டால் எண் முடங்கி, பிறகு வேறொருவர் கைக்கே போய்விடலாம். அதற்குள் ஒவ்வொன்றாக உங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஒன்று போதும். பதினாறாம் நாள் காரியமும் பிள்ளைகளின் பள்ளியும் ஒன்றாக நெருக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க யாராலும் முடியாது. அப்புறம், அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் படங்களையும் நிதானமாகச் சேமித்துக்கொள்ளலாம். இதற்காகவே அந்த ரீசார்ஜ் பணம் தகும்.

வங்கிக் கணக்குக்கு இது பொருந்தாது. அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்துப் பணம் எடுக்கவே கூடாது. இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போய், நாமினி அல்லது வாரிசு வழியாகத்தான் பெற வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்வதையும் தள்ளிப்போடாதீர்கள்.