குரூப் கேப்டிவ் சோலாரில் சேரும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர் பக்கம் கூரையில் இடம் போதாத சிறு ஆலைக்காரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, தென் மாவட்டத்தில் உள்ள சோலார் நிலையத்தில் பங்கு வாங்கி, அந்த மின்சாரத்தைத் தங்கள் ஆலைக்கே எடுக்கிறார்கள். கூட்டாகச் சேர்ந்து சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் எடுக்கும் இந்த ஏற்பாடுதான் குரூப் கேப்டிவ். நல்ல வழிதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் பழைய தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். பேனல் தரம், யூனிட் விலை பற்றியெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

பங்கு இருந்தால் போதும் என்று நினைப்பது

2005-ம் ஆண்டு மின்சார விதிகளின்படி, மின்சாரம் எடுப்பவர்களிடம் மொத்தம் 26% வாக்குரிமைப் பங்காவது இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51% ஆவது அவர்களே பயன்படுத்த வேண்டும். இதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அடுத்த வரியைத்தான் படிப்பதில்லை: ஒவ்வொருவரும் தன் பங்கின் விகிதத்தில் எடுக்க வேண்டும், 10% வித்தியாசம் வரைதான் அனுமதி.

1 மெகாவாட் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும். ஐந்து பேர், சம பங்கு, சரியாக 26% என்று வையுங்கள். 51% என்றால் 7.65 லட்சம், ஆளுக்கு 1.53 லட்சம் யூனிட்; 10% விட்டாலும் 1.38 லட்சம் எடுத்தே ஆக வேண்டும். ஆர்டர் இல்லாமல் ஒருவர் ஷிப்டைக் குறைக்கிறார். தன் அளவை எட்டாத அவரைக் கழித்தால் மீதி நால்வரிடம் இருப்பது 20.8%, 26% இல்லை. மொத்த நிலையமும் கேப்டிவ் தகுதியை இழக்கும். அந்த ஆண்டு எடுத்த யூனிட்டுக்கெல்லாம் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (மின்வாரியத்தை விட்டு வெளியே மின்சாரம் வாங்குவோர் கட்டும் கூடுதல் கட்டணம்). அதுவும் நிதியாண்டு முடிந்த பிறகுதான் தெரியவரும்.

எனக்குத் தெரிந்த நூற்பாலைக்காரர் ஒருவர் தன் அளவை ஒழுங்காக எடுத்தவர். கூட்டாளி ஆலை ஓடாததால் இவர் தலையிலும் சர்சார்ஜ் விழுந்தது. ஒப்பந்தத்தைப் புரட்டினால், எல்லாரும் சேர்ந்து கட்ட வேண்டும் என்று ஒரு வரி. கையெழுத்து வாங்கியவர்கள் அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

பயன்படுத்துவோரின் பங்கு 26 சதவீதத்தைத் தாராளமாகத் தாண்டும் குழுவில் சேருங்கள். குறை வைத்தவரே சர்சார்ஜ் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மற்ற ஆலைகளின் பழைய ஈபி பில்களைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இரவு ஷிப்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவது

பகல் யூனிட்டை மட்டும் வைத்துப் பங்கைத் தீர்மானியுங்கள். மாலை பீக் ஹவருக்கு சோலார் உதவாது.

டிமாண்ட் சார்ஜ் குறையும் என்று நம்புவது

ஆலைக்கு எவ்வளவு மின்திறன் தேவை என்பதை வைத்து ஈபி மாதாமாதம் வாங்கும் கட்டணம் அது. குறையாது.

வெளியேறும் விதியைப் படிக்காமல் விடுவது

லாக்-இன் (வெளியேற முடியாத காலம்) எத்தனை ஆண்டு, இடையில் ஆலையை விற்றால் பங்கு யாருக்குப் போகும், என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.