வந்த வழியே திரும்பிப் போகாத பெட்டி: ரவுட்டருக்குக் கொம்பனி ஃபேர்ம்வெயாரை மீட்கும்போது விடும் பிழைகள்

சனிக்கிழமை காலை ஆலையடிவேம்பிலிருந்து ஒரு தம்பி பஸ் ஏறிக் கல்லடிக்கு வந்திருந்தார். கையில் சொப்பிங் பை, அதற்குள் கம்பத்தில் பூட்டும் தட்டையான வெள்ளை ரவுட்டர் ஒன்று. "அண்ணன், முந்தாநாள் வரைக்கும் நல்லா வேலை செஞ்சது. கொம்பனிட சொப்ட்வெயாரத் திரும்பப் போடப் போனன், மறுகா லைட் மட்டும்தான் எரியுது" என்றார். இப்படி வந்த பெட்டிகளில் இது எத்தனையாவது என்று எண்ணுவதை நான் விட்டு நாளாகிவிட்டது. சாமான் உண்மையில் செத்துப்போய் வருவது குறைவு. பாதி வழியில் நிற்கும் பெட்டிகள்தான் வருகின்றன.

விசயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஹாம் ரேடியோக்காரர் நாங்கள், அதாவது உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் கதைப்பவர்கள், யுபிக்விட்டி, மைக்ரோடிக், டிபி-லிங்க் போன்ற வைஃபை கருவிகளை எடுத்து, கொம்பனி போட்டுவிட்ட ஃபேர்ம்வெயாரை (கருவிக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை)த் தூக்கிவிட்டு ஆர்டன் என்கிற இலவச ஃபேர்ம்வெயாரை ஏற்றுகிறோம். ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற லினக்ஸின் மேல் கட்டப்பட்டது அது. அதைப் போட்ட கருவிகள் ஒன்றையொன்று தாமாகவே தேடிப் பிடித்து, இன்டர்நெட் இல்லாமலே ஒரு வலையாகிவிடும். 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஐயும் கண்ட ஊர்களில், ரெலிபோன் கோபுரம் விழுந்தாலும் கதைக்க ஒரு வழி வேண்டும் என்று ஆருக்கும் விளக்கத் தேவையில்லை.

திரும்பக் கொம்பனி ஃபேர்ம்வெயாருக்குப் போகப் பல காரணங்கள் இருக்கும். கருவியை விற்க வேண்டும், வீட்டு இணைப்புக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வெளிநாடு போகிறார். உரிமம் இல்லாதவர் கைக்குப் போகிற பெட்டியில் ஹாம் ஃபேர்ம்வெயார் இருக்கவே கூடாது. ஆர்டன் 2.4 கிகாஹேர்ட்ஸில் சாதாரண வைஃபையின் 1ஆம் சானலுக்கும் கீழே, மைனஸ் 1, மைனஸ் 2 என்று சானல் காட்டும். அது உரிமக்காரருக்கான இடம், வீட்டு வைஃபைக்கானது இல்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வாசல்

எல்லாப் பிழைக்கும் தாய் ஒரு நினைப்புத்தான்: போன வழியாலேயே திரும்பி வரலாம் என்பது. போகும்போது கொம்பனியின் வெப் பக்கத்தில் ‘அப்டேட்’ பட்டன் இருந்தது, ஹாம் கோப்பைக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டது. திரும்பும்போது ஹாம் பக்கத்தில் இருக்கும் பட்டன் தன்னுடைய இனத்துக் கோப்பைத்தான் எதிர்பார்க்கும். கொம்பனிக் கோப்பை மறுக்கும். அந்த மறுப்பு ஒரு தயவு. ஆலையடிவேம்புத் தம்பி அதைத் தயவாக எடுக்கவில்லை. பக்கம் வேண்டாம் என்றதும், கட்டளை வரிக்குப் போய் வலுக்கட்டாயமாக எழுதியிருக்கிறார்.

சரியான வாசல் பூட்லோடர். கரண்ட் கொடுத்ததும் முதலில் விழிக்கிற சின்ன நிரல் அது. ஃபேர்ம்வெயார் முழுதாகக் கெட்டாலும் அது தனியாக உயிரோடு இருக்கும். ஆனால் ஒவ்வொரு கொம்பனியும் அந்த வாசலை ஒவ்வொரு பக்கம் வைத்திருக்கிறது.

யுபிக்விட்டியில் ரீசெட் பொத்தானை அமத்திப் பிடித்தபடியே கரண்ட் கொடுக்க வேண்டும். சிக்னல் லைட்டுகள் மாறி மாறி மின்னத் தொடங்கியதும் விட்டால், கருவி 192.168.1.20 என்ற முகவரியில் காத்திருக்கும். கணினியிலிருந்து நாங்கள் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையால் கோப்பை அனுப்ப வேண்டும். டிபி-லிங்க்கின் சிபிஇ என்ற வெளிக்கருவி வகையில் கதை தலைகீழ். கருவிதான் எங்களிடம் வந்து கேட்கும். எங்கள் லப்டொப் 192.168.0.100 என்ற முகவரியில் டிஎஃப்டிபி சேர்வராக உட்கார்ந்திருக்க வேண்டும், கோப்பின் பெயர் ‘ரிகவரி’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், ‘பின்’ என்ற பின்னொட்டோடு இருக்க வேண்டும். ஒன்றில் நாங்கள் போய்க் கதவைத் தட்டுகிறோம், மற்றதில் அது வந்து எங்கள் கதவைத் தட்டுகிறது. இதைக் குழப்பிக்கொண்டு, டிபி-லிங்க்குக்குக் கோப்பை ‘அனுப்பி அனுப்பி’ விடியவிடிய இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

மைக்ரோடிக் இரண்டிலும் சேராது. அதற்கு நெட்இன்ஸ்டோல் என்று கொம்பனியே ஒரு மென்பொருள் தருகிறது. கேபிளை முதலாவது போர்ட்டில் குத்தி, ரீசெட்டைப் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுத்து, நெட்இன்ஸ்டோல் பட்டியலில் கருவி தெரியும் வரை விடாமல் இருக்க வேண்டும். கருவியோடு வரும் மைக்ரோடிக் மென்பொருளின் உரிமச் சாவி அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நெட்இன்ஸ்டோல் அதை அழிப்பதில்லை. செற்றிங்ஸ்தான் போகும். பார்க்க வேண்டியது வேறு: ஹாப் ஏசி லைட்டுக்கு மிப்ஸ்பிஇ வகைப் பொதி, ஹாப் ஏசி 2க்கு ஆர்ம் வகைப் பொதி. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் மூளை வேறு.

ஸ்டிக்கரை வாசிக்காத பிழை

வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். யுபிக்விட்டி எம் வரிசையில் அதே உறைக்குள் எக்ஸ்எம், எக்ஸ்டபிள்யூ என்று இரண்டு விதப் பலகை வந்திருக்கிறது. ஒன்றின் கோப்பு மற்றதற்கு ஆகாது. பழைய லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜியிலும் இதே கூத்துத்தான். 4ஆம் பதிப்பு வரை 4 எம்பி ஃபிளாஷ் (ஃபேர்ம்வெயார் பதிந்திருக்கும் நினைவகம்), லினக்ஸ். 5ஆம் பதிப்பில் 2 எம்பியாகக் குறைத்து விஎக்ஸ்வேர்க்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாற்றினார்கள். லினக்ஸ் வேண்டுமென்று கேட்டவர்களுக்காக ஜிஎல் என்று தனி மாதிரி வந்தது. பெட்டி மூன்றுக்கும் அதே நீலம், அதே கறுப்பு, அதே இரண்டு கொம்பு.

ஆக, கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் பிறப்புச் சான்றிதழ். எங்கள் பக்கத்தில் அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாசிக்குடாவிலிருந்து பொத்துவில் வரை கரையோரக் கூரையில் இரண்டு வருசம் நின்ற கருவியின் ஸ்டிக்கரை உப்புக் காற்றும் கச்சான் வெயிலும் தின்றுவிடும். தம்பி கொண்டுவந்ததில் பார்கோட்டின் பாதியும் ஒரு எட்டும்தான் மிச்சம். அப்படியானால், அழிக்க முதல் ஹாம் ஃபேர்ம்வெயாரின் நிலைப் பக்கத்தைத் திறந்து அங்கே காட்டும் மாதிரிப் பெயரைப் போனில் ஒரு படம் எடுங்கள். அழித்த பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை.

கட்டாரிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டியென்றால் நாட்டுப் பதிப்பையும் பாருங்கள். அமெரிக்கப் பதிப்புக்கும் ஐரோப்பியப் பதிப்புக்கும் டிபி-லிங்க் தனித்தனிக் கோப்பு வைத்திருக்கும்.

டிபி-லிங்க்கின் பழைய வீட்டு ரவுட்டர்களில் இன்னொரு பொறி. கொம்பனிக் கோப்பின் பெயருக்குள் ‘பூட்’ என்ற சொல் இருந்தால், அதற்குள் பூட்லோடரும் அடங்கியிருக்கிறது. ஓப்பன்-டபிள்யூஆர்டி வழியாக அதை அப்படியே எழுதினால் எல்லாமே இடம் தள்ளிப்போய் உட்காரும். முன்பக்கத்து 128 கேபி பூட்லோடரையும் 512 பைட் தலைப்பையும், அதாவது மொத்தம் 131584 பைட்டை, வெட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். லினக்ஸில் டிடி கட்டளையால் 512 பைட் துண்டுகளில் 257ஐத் தாண்டச் சொன்னால் வேலை முடிந்தது.

இனி என்னுடைய சொந்தப் பிழை. ஒருமுறை ஒரு பெட்டி எழும்பவே இல்லை. அதே மாதிரி இன்னொரு கருவி ஒரு நண்பரிடம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஃபிளாஷ் முழுவதையும் படியெடுத்து, என்னுடையதில் முழுதாக எழுதினேன். உடனே எழும்பியது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். அடுத்த நாள் இரண்டையும் ஒரே வலையில் போட்டால் ஒன்று வர மற்றது விழுகிறது. கருவிக்குக் கருவி வேறாக இருக்க வேண்டிய மெக் முகவரி இரண்டிலும் ஒன்று! அதைவிடப் பெரிய நட்டம் பிறகுதான் தெரிந்தது. முன்பு நல்லபடியாகப் பிடித்த இணைப்பு இப்போது நொண்டியது. அதெரோஸ் சிப் உள்ள கருவிகளில் ஏஆர்டி என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும், பெரும்பாலும் 64 கேபி. அந்த ஒரு கருவியின் ரேடியோவைத் தொழிற்சாலையில் அளந்து எழுதிய கணக்கு அதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் வேறு வேறு. கொம்பனி இணையத்தளத்தில் அது கிடைக்காது. அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிற மாதிரி என்னுடைய பெட்டி அன்றிலிருந்து ஓடுகிறது.

அதனால் எதையும் தொட முதல் ஏஆர்டி பகுதியைப் படியெடுத்து, மெக் முகவரியைக் கோப்பின் பெயராக வைத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். ஃபேர்ம்வெயார் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். இது கிடைக்காது.

மேசையில் நடக்கும் சின்னப் பிழைகள்

லப்டொப் தானாக முகவரி எடுக்கும் நிலையில் இருக்கும். ஆர்டன் ஓடும்போது அதுவே 10இல் தொடங்கும் ஒரு முகவரியைக் கொடுத்துவிடுவதால் எங்களுக்கு அந்த ஞாபகமே வராது. மீட்கும்போது கொடுக்க ஆளில்லை. கையால் போட வேண்டும். யுபிக்விட்டிக்கென்றால் 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0. வைஃபையை நிறுத்துங்கள். ஃபயர்வோலையும் அந்த நேரத்துக்கு நிறுத்துங்கள், டிஎஃப்டிபி போகும் யூடிபி 69ஆம் போர்ட்டை அது மறித்துவிடும்.

விண்டோஸில் டிஎஃப்டிபி கிளையன்ட் இயல்பாக அணைந்திருக்கும், தேடிப்போய் இயக்க வேண்டும். அனுப்பும்போது ‘மைனஸ் ஐ’ என்ற குறியைப் போடாவிட்டால் கோப்பை ஏதோ கடிதம் என்று நினைத்து எழுத்து முறையில் அனுப்பும், இருமக் கோப்பு குழம்பிப்போகும்.

இன்னொன்று. பெட்டி ஒருமுறை அணைந்து எழும்பும்போது கேபிள் இணைப்பு விழும், விண்டோஸ் உடனே போர்ட்டை இறக்கிவிடும். அது திரும்ப எழும்புவதற்குள் பூட்லோடர் காத்திருக்கும் அந்தச் சில செக்கன் முடிந்துவிடும். நடுவில் ஒரு சின்ன ஐந்து போர்ட் சுவிட்ச் வைத்தால் லப்டொப் பக்கத்து இணைப்பு விழாது. பழைய சுவிட்ச் போதும். மீட்புக் கதைகளில் பாதிக்குப் பதில் இந்தச் சுவிட்ச்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது கரண்ட். எல்லா வீட்டிலும் லாச்சி நிறைய அடப்டர் கிடக்கும். 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மூக்கு. பொருந்துகிறதே என்று குத்தாதீர்கள். வலுவில்லாத அடப்டரில் லைட் எரியும், ஆனால் ஃபிளாஷில் எழுதும் நேரம் வோல்ட் விழும். வெளிக்கருவிகளில், நெட்வேர்க் கேபிளாலேயே கரண்ட் அனுப்பும் பிஓஇ இன்ஜெக்டரின் இரண்டு துளையையும் மாறிக் குத்துவது அடுத்தது. ‘பிஓஇ’ என்று எழுதிய பக்கம் கருவிக்கு, ‘லேன்’ என்று எழுதிய பக்கம் லப்டொப்புக்கு. மாறினால் 24 வோல்ட் போய் நிற்பது உங்கள் லப்டொப்பில். மாரி காலத்தில் இடி முழக்கம் கேட்கும் பின்னேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கரண்ட் எப்போது போகும் என்று மின்சாரக்காரருக்குக்கூடத் தெரியாது. யூபிஎஸ் இருந்தால் ரவுட்டரையும் லப்டொப்பையும் அதில் போடுங்கள்.

பிறகு பொறுமை. கோப்பு போய்ச் சேர்ந்ததும் திரையில் ‘முடிந்தது’ என்று வரும். அது அனுப்பியதற்கான முடிவு. பெட்டி இனித்தான் ஃபிளாஷில் எழுதப் போகிறது. 10 நிமிடமாவது அதைத் தொடாமல் விடுங்கள். வாவிக்கரைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், பாடும் மீன் கேட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

எழும்பிய பிறகும் வேலை இருக்கிறது. லிங்க்சிஸில் செற்றிங்ஸ் இருக்கும் என்விரேம் பகுதி தனி, ஃபேர்ம்வெயாரை மாற்றினாலும் பழைய குப்பை அங்கே கிடக்கும். ரீசெட்டை 30 செக்கன் அமத்தி அதைத் துடைக்காவிட்டால் கொம்பனி ஃபேர்ம்வெயார் பேய் பிடித்த மாதிரி ஆடும். யுபிக்விட்டி எம் வரிசையில் நான் முதலில் கொம்பனி ஃபேர்ம்வெயாரான ஏர்ஓஎஸ்ஸின் 5.5 வரிசையைப் போட்டுத்தான் மேலே ஏற்றுவேன். ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. 2016 மே மாதம் பழைய ஏர்ஓஎஸ் கருவிகளை ஒரு புழு உலகம் முழுக்கப் பிடித்தது. ஓட்டையை அடைத்த பதிப்பு அதற்கு ஏறக்குறைய ஒரு வருசம் முதலே வந்திருந்தது. விழுந்தவை புதுப்பிக்காமல் விட்டவை.

தம்பியின் பெட்டிக்கு வருவோம். அவர் எழுதியது மற்றப் பலகைக்கான கோப்பு. நல்ல காலம், ஃபேர்ம்வெயார் பகுதியில் மட்டும்தான் எழுதியிருந்தார், பூட்லோடரில் கை வைக்கவில்லை. ஸ்டிக்கர் இல்லாததால் உறையைக் கழற்றிப் பலகையில் அச்சடித்திருந்ததை டோர்ச் லைட்டில் வாசித்தோம். சுவிட்சை நடுவில் வைத்து, ரீசெட்டை அமத்திப் பிடிக்க, லைட்டுகள் மாறி மாறி மின்னின. "இப்ப விடட்டா அண்ணன்?" என்றார். விட்டார். கோப்பு போனது. கடிகாரத்தைப் பார்த்தபடி கதிரையில் இருந்தோம். எட்டாவது நிமிடம் வெப் பக்கம் திறந்தது. மெக் முகவரியை அவர் போனில் இருந்த பழைய படத்தோடு ஒத்துப் பார்த்தோம், சரி.

போக முதல் பெட்டியின் அடி மூடியைத் திறந்து, வெயில் படாத உட்பக்கத்தில், அழியாத மார்க்கரால் பலகையின் பெயரையும் திகதியையும் எழுதிக் கொடுத்தேன். 3 மணி பஸ்ஸுக்கு ஓடினார்.