பழைய சாளையில் ஏறிய ஈரம் – என் அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாரு கட்டிய சாளை ஒன்று இருக்கிறது, மண் சுவர், நாட்டு ஓடு, ஒரு காலத்தில் கடலைக்காய் மூட்டையும் ஏர்ச் சாமான்களும் கிடந்த இடம். அதை இருபது பேர் அமைதியாக உட்காரும் தியானக் கூடமாக்க ஆசைப்பட்டேன்.

சுவர் உதிர்கிறதே என்று உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூசியதுதான் நான் செய்த தப்பு. ஒரே ஐப்பசி மழை, தரையிலிருந்து மூன்றடிக்கு ஈரம் ஏறிவிட்டது. விரலை வைத்தால் சுவரில் பூத்த உப்பு, மாவு மாதிரி ஒட்டியது, பாய் விரித்து உட்கார்ந்தால் பூஞ்சை வாடை.

வயதான கொத்தனார் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிமெண்ட்ட உரிச்சிருங்க, மண் சுவரு மூச்சு விடோணுமுங்க" என்றார். மண் சுவர் அடியிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும், சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. சரி என்று மொத்தத்தையும் உரித்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டோம், இதில் அவசரப்படவே கூடாது. அப்புறம் நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் பூசினோம். பாதி வேலை வெளியேதான்: சுவரை ஒட்டியிருந்த மண்மேட்டை வெட்டித் தாழ்த்தினோம், ஓட்டுத் தண்ணீர் விழும் இடத்தில் ஜல்லி போட்டு வாய்க்கால் எடுத்தோம்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டும்போது சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காய்ந்து, குளிர்ச்சியாக இருந்தது. ஓட்டில் விழும் மழையைக் கேட்டபடி அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.