பூனை வெளியே சுற்றுகிறதா? பக்கத்து வீட்டுச் செடிகளைப் படமெடுத்து வையுங்கள்

பூனை தாவிப் போகும் நாலைந்து வீட்டுத் தோட்டங்களை, வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, போனில் படமெடுத்துத் தனி ஆல்பமாக வையுங்கள். செடியின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இலையும் பூவும் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

பூனை வாந்தி எடுத்தால் டாக்டர் முதலில் கேட்பது "என்ன தின்றது?" என்பதைத்தான். அரளி இதயத்தைத் தாக்கும், குட்டிப் பனை போலிருக்கும் அழகுச்செடியான சைக்கஸ் ஈரலைக் கெடுக்கும், பூங்கொத்துகளில் வரும் லில்லியோ சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். ரோமத்தில் ஒட்டிய லில்லி மகரந்தத்தை நக்கினாலே ஆபத்து. மணி பிளான்ட், டிஃபன்பாக்கியா (பெரிய புள்ளி இலைகள் உள்ள தொட்டிச்செடி) இரண்டும் பெரும்பாலும் வாயெரிச்சல், எச்சில் ஒழுகலோடு நிற்கும். சந்தேகப்படும் செடி எதுவென்று தெரிந்தால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.

தெரு தாண்டி அலையும் கடுவன்களுக்கு இது அவ்வளவாக உதவாது; எங்கே மேய்ந்தது என்று யாருக்குத் தெரியும்? எலி மருந்து, பூச்சிமருந்து விஷயத்திலும் படம் பயன்படாது. லில்லி என்று சந்தேகம் வந்தால் ஆல்பத்தைத் தேடிக்கொண்டிருக்காமல், அறிகுறி வரும்வரை காத்திருக்காமல், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், அதுவே தனி விஷமாகிவிடும்.