சோலார் வேலைக்கு அரசாங்கச் செலவில் பயிற்சி: மூதூர்ப் பக்கத்து ஆட்களுக்கு

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் சோலார் வருகிறதாமே, நமக்கு வேலை கிடைக்குமா என்று பக்கத்து ஊரான கட்டைபறிச்சானில் என்னிடம் கேட்காத ஆள் இல்லை. 2006இல் போர் சனத்தைக் கிளப்பிய அதே மண்ணில் முதலில் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள், 2016இல் அதைக் கைவிட்டார்கள். இப்போது மின்சார சபையும் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்.டி.பி.சி.யும் சேர்ந்து 120 மெகாவாற் சூரிய மின்நிலையம் போடுகின்றன. காணிக் கதை தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை. மண் வெட்டவும் வேலி அடிக்கவும் மட்டும் நம்மைக் கூப்பிடக் கூடாது என்றால் கையில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வேண்டும். வயரிங் செய்து பிழைக்கிறவன் என்ற முறையில் வழியைச் சொல்கிறேன்.

"சோலார் பயிற்சிக்கு உதவிப்பணம் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். அரசாங்கக் காசு பெரும்பாலும் அந்தப் பெயரில் வருவதில்லை, சாதாரண தொழிற்பயிற்சிக்குள் கலந்து கிடக்கிறது. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: எலக்ட்ரீசியன் பாடநெறி என்.வி.கியூ. மட்டம் 3 அல்லது 4 எப்போது தொடங்குகிறது, சோலார் பூட்டும் பாடநெறி இந்த முறை உண்டா, கட்டணம் உண்டா, மாதக் கொடுப்பனவு யாருக்கு?

இதைக் கேட்க முதலில் பட்டணத்துக்கு ஓட வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்டுப் போங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைற்றா என்ற தொழில் பயிலுனர் பயிற்சி அதிகார சபை, திருகோணமலை தொழில்நுட்பக் கல்லூரி எல்லாவற்றின் விபரமும் அவரிடம் பெறலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணக் காசு கிடைத்தால் அதன் விபரம், கிராம உத்தியோகத்தரின் கடிதம், எல்லாவற்றிலும் இரண்டு போட்டோகொப்பி. கடிதத்தில் வதிவிடம் மட்டும் இருந்தால் போதாது. வருமானம், பெண் தலைமைக் குடும்பம், மீள்குடியேறியவர் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கேளுங்கள். உதவி யாருக்கு என்று பார்க்கும்போது அந்த வரிதான் பேசும். மாற்றுத்திறனாளி என்றால் அங்கேயே சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள்.

சரி, உண்மையான தடை படிவம் இல்லை, நாட்கூலி. மாதக்கணக்கில் வகுப்பில் இருந்தால் அடுப்பு எப்படி எரியும்? கொடுப்பனவும் பஸ் சீசனும் கிடைத்தாலும் கூலிக்கு ஈடாகாது, காசு பிந்தியும் வரும். ஆகவே ஏற்கெனவே வயரிங் தெரிந்தவர் எலக்ட்ரீசியன் வகுப்புக்கே போக வேண்டியதில்லை. ஆர்.பி.எல். என்று ஒரு வழி உண்டு. முன் அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டினால் அதே என்.வி.கியூ.தான் கிடைக்கும். நைற்றாவின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இன்றைக்கே செய்ய வேண்டியது, செய்த வேலைகளைப் போனில் படம் எடுத்து வைப்பது. மெயின் போர்ட்டைத் திறந்து எடுங்கள், மூடி போட்ட பிறகு எடுத்த படத்தால் பிரயோசனம் இல்லை. வேலை கொடுத்த பாஸிடமும் வீட்டுக்காரரிடமும் கையெழுத்துக் கடிதம் வாங்குங்கள். கை வேலையில் கெட்டிக்காரர்கள் சறுக்குவது வாய்க் கேள்வியில். எர்த் ஏன், ட்ரிப் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

வயரிங் தெரியாத இளம் ஆட்களுக்கு நைற்றாவின் பயிலுனர் முறை நல்லது, ஒரு கம்பனியில் வேலை செய்துகொண்டே பழகலாம். ஓ.எல். முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள் முழுநேரப் பாடநெறிக்குப் போகட்டும். தங்கச்சிமாரும் போகலாம், கூரையில் ஏறுவது மட்டும் சோலார் இல்லை. இன்வேர்ட்டர் பார்ப்பதும் அளவு எடுப்பதும் கணக்குப் போடுவதும் அதில்தான் வரும்.

எலக்ட்ரீசியனுக்கும் சோலார் பகுதியைத் தனியாகப் படிப்பது அவசியம். வீட்டு மெயினை இறக்கினால் கரண்ட் நிற்கும். வெயில் அடிக்கிற பனலை நிறுத்த முடியாது. பத்துப் பனலைத் தொடராகக் கொழுவினால் சில நூறு வோல்ற் டி.சி. (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) நிற்கும், கரண்ட் ஓடும்போது கழற்றினால் தீப்பொறி லேசில் அணையாது. இதைச் சொல்லித் தராத பயிற்சி பயிற்சியே இல்லை.

தனியார் வகுப்பு என்றால் காசு கட்ட முன்னர் இரண்டைக் கேளுங்கள்: நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு என்.வி.கியூ. அங்கீகாரம் உண்டா? முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பார்கள். என்.வி.கியூ. இல்லாத மினுங்கும் சான்றிதழோடு திரிகிற பொடியன்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. பெரிய மின்நிலையத்தில் கட்டும் வரைதான் நிறைய ஆள் தேவை, கட்டி முடித்தால் சிலரே போதும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் கூரைகள் அப்படியில்லை. கடற்காற்று பிரேமையும் கனெக்டரையும் தின்றுகொண்டே இருக்கும். கழுவ, இறுக்க, அளக்க வருசம் முழுக்க ஆள் வேண்டும். அங்கே பூட்டிக் கொடுத்த கம்பனி எது என்று கேட்டறிந்து, அங்கே பயிலுனராகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா என்றும் சேரும் நாளிலேயே கேளுங்கள்.