தடுப்பூசிக்குப் பின் தசை அழற்சியா? கண்டுபிடிப்பது எப்படி?

ஊசி போட்ட கையில் இரண்டு மூன்று நாள் வலியும் தடிப்பும் இருப்பது வழக்கம். மிக அரிதாகச் சிலருக்கு, சில நாள்களிலோ வாரங்களிலோ தசை அழற்சி வருவதுண்டு. வலி எவ்வளவு என்று பார்ப்பதைவிட, பலம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். அடுத்து, குத்தவைத்து எழுங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிச் சிறிது நேரம் பிடியுங்கள். அழற்சி பெரும்பாலும் இடுப்பு, தொடை, தோள் தசைகளை இரு பக்கமும் தாக்கும். மாடிப்படி ஏறுவதும் தலைவாருவதும் சிரமமாகும். ஊசி போட்ட தோள் மட்டும், பிறர் தூக்கிவிட்டாலும் மேலே போகவில்லையா? ஊசி மிக உயரத்தில், மூட்டுப் பக்கம் இறங்கியிருக்கலாம். தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழேதான் போட வேண்டும்.

சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்து, நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். தசை சிதைந்து வெளிவரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இங்கேதான் பலர் வழிதவறுவார்கள். கறுத்த சிறுநீர், கூடவே கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி அதிகம் என்றதும் மஞ்சள்காமாலை என்று முடிவுகட்டி, கீழாநெல்லி அரைக்கக் கிளம்பிவிடுவார்கள். அந்த நொதி தசையிலும் உண்டு. கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனை கிரியாட்டின் கைனேஸ், சீட்டில் சி.பி.கே. என்றிருக்கும். கிரியாட்டினின் வேறு, அது சிறுநீரகத்துக்கான சோதனை. ஆய்வகத்தில் இரண்டும் மாறிப்போகாமல் பாருங்கள். சி.பி.கே. சாதாரணமாக 200 அலகுக்குள் இருக்கும்; கடும் அழற்சியில் ஆயிரங்களுக்கு ஏறும். ஆனால் பனையேற்றம், வலை இழுப்பு போன்ற கடும் உழைப்பும், தசையில் போட்ட ஊசியும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும்கூட அதை உயர்த்தும். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் தசைத் துணுக்குச் சோதனையும் எடுப்பார்கள்.

முடிவு தெரியும்வரை உழிச்சலும் வர்மத் தடவலும் வேண்டாம்; நோயுற்ற தசையை அழுத்துவது கெடுதலையே கூட்டும். மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்: சிறுநீரகத்துக்குச் சுமை, சி.பி.கே.யும் குழம்பும். ஸ்டீராய்டு மாத்திரை நல்ல மருந்துதான், ஆனால் சோதனைக்கு முன்னே விழுங்கினால் நோயை மறைத்துவிடும்.

தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ஊசியின் பெயர், தொகுதி எண், தேதி, எந்தக் கை, தொல்லை தொடங்கிய நாள் இவற்றைக் குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ புகார் பதியச் சொல்லுங்கள். 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் தெரிவிக்கலாம். ஊசிக்குப் பின் வந்ததால் மட்டும் ஊசிதான் காரணம் என்றாகாது; சளிக்காய்ச்சல் வைரஸ்கூட இதைக் கொண்டுவரும். அதனால் அடுத்த தவணையை நீங்களாகத் தவிர்க்காமல், போடும் முன் மருத்துவரிடம் இந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.