வீட்டுக் குப்பை, கடைக் குப்பை: முதலில் ஈரத்தைப் பிரியுங்கள்

வடசென்னை எருக்கஞ்சேரியில் கீழே டிபன் கடை, மேலே வீடு. அதனால் வீட்டுக் குப்பை, கடைக் குப்பை இரண்டும் தினம் என் கை வழியாகத்தான் வெளியே போகின்றன. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் வாடை அடுப்படி வரைக்கும் வரும். கோடையில் அங்கே தீப்பிடித்தால் புகையும் வரும்.

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. வடக்குப் பகுதிக் குப்பையில் பெரும்பங்கு பல வருடங்களாகக் கொடுங்கையூருக்குத்தான் போனது. அங்கே குவிந்து கிடந்த சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டி, சலித்துப் பிரிக்கும் வேலையை மாநகராட்சி எடுத்திருக்கிறது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை எங்களுக்கு வேண்டாம் என்று 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகவும் நின்றார்கள். ஆலை வந்தாலும் வராவிட்டாலும், சோறும் சாம்பாரும் பிளாஸ்டிக்கும் ஒரே பையில் போகும்வரை எங்கள் பக்கம் நாற்றம் தீராது. காற்றுப் படாமல் அழுகும் ஈரக் குப்பையில்தான் மீத்தேன் உண்டாகிறது. அது எரியும் வாயு. கிடங்கில் விழும் தீ அடங்காமல் நாள்கணக்கில் புகைவதற்கு அதுவும் ஒரு காரணம். மண்ணுக்குள் இறங்கும் கறுப்புச் சாறும் அந்த ஈரத்தில் ஊறுவதுதான்.

ஆகவே நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஈரத்தைப் பிரியுங்கள் என்பதைத்தான். அதைப் பிரித்துவிட்டால் மிச்சக் குப்பை நாறாது, ஈ மொய்க்காது. பாதியைக் காசாகவும் மாற்றிவிடலாம்.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். சமையல் மேடையில் இரண்டு வாளி, ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே இருப்பதன் அடியில் கம்பியைச் சூடாக்கி நிறைய ஓட்டை போடுங்கள். காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு, மிஞ்சிய சோறு எல்லாம் உள் வாளிக்கு. தண்ணீர் வடிந்து கீழ் வாளியில் நிற்கும், ராத்திரி அதைக் கொட்டிக் கழுவிவிடலாம். குப்பை நாறுவதில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரால்தான். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தால் போதும். காலையில் பேட்டரி வண்டி வரும்போது அப்படியே கவிழ்த்துக் கொடுங்கள். பிரித்துக் கொடுத்தும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்றால், சண்டை போடாமல் மாநகராட்சியின் 1913க்கு போன் செய்து தெருப்பெயரோடு சொல்லுங்கள். வண்டிக்காரர் மீது கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவர்களுக்கு நேரத்துக்குள் பல தெருவை முடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு மீன்தான். காசிமேட்டிலிருந்து சங்கராவோ காரப்பொடியோ வாங்கி வந்து கழுவினால் செதிலும் குடலும் ஒரு கைப்பிடிக்கு மேல் தேறும். அதை அப்படியே வாளியில் போட்டால் மதியத்துக்குள் வீட்டில் உட்கார முடியாது. செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி ஒரு பழைய டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், வண்டி வரும்போது எடுத்துக் கொடுக்கலாம். ஃப்ரீசர் இல்லாதவர்கள் பெரிய செடித் தொட்டியில் ஒரு முழம் ஆழத்தில் புதைத்து மேலே மண்ணை மிதித்து மூடுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் பெருச்சாளி தோண்டும், பூனையும் வரும். எக்காரணம் கொண்டும் மீன்கழிவைத் தெருமுனைத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். நாய் இழுத்துத் தெரு முழுக்கப் பரப்பிவிடும்.

மொட்டை மாடி இருக்கிறவர்கள் உரம் போட்டுப் பாருங்கள். 20 லிட்டர் பெயிண்ட் டப்பா இரண்டு வேண்டும். சுற்றிலும் அடியிலும் ஓட்டை போட்டு, அடியில் தேங்காய் நார் பரப்புங்கள். ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது தென்னைநார்த் தூள். தினமும் மேலே மூட வேண்டும், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளற வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் ஊற்றினால் சீக்கிரம் மக்கும். நாறினால் ஈரம் கூடிவிட்டது, சருகு போடுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கொழகொழவென்று புழு வந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் தின்று மக்கவைக்கிறதுதான். எண்ணெய்ப் பண்டம், எலும்பு, மீன் இதில் சேரக்கூடாது. ஒரு டப்பா நிரம்பினால் மூடிவைத்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். இரண்டு மாதத்தில் முதல் டப்பா மண் வாசனை அடிக்கும். சென்னை வெயிலில் டப்பா நிழலில் இருக்கட்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் மேலே ஒரு தார்ப்பாய் போடுங்கள்.

காய்ந்தவற்றில் பால் பாக்கெட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முனையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். முனை ஒட்டிக்கொண்டே இருக்கும்படி கீறி, பால் ஊற்றியதும் அலசி, கொடியில் காயப் போடுங்கள். காய்ந்த பாக்கெட்டும் அட்டையும் பாட்டிலும் சேர்ந்தால் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது வகையைக் கொஞ்சம் கவனமாகக் கையாளுங்கள். நாப்கின், டயாபர், உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி, மாத்திரைப் பட்டை இதெல்லாம் கலக்கவே கூடாது. ஈரம், காய்ந்தது, ஆபத்தானது என்று வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதியே சொல்லியது. தாளில் சுற்றி, பேனாவால் பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, தூய்மைப் பணியாளர் கையில் தனியாகக் கொடுங்கள். அவர்கள் கையால் பிரிக்கிறவர்கள். நம் வீட்டுக் கண்ணாடி கிழிப்பது அவர்கள் கையைத்தான்.

இனிக் கடைக்காரர்களுக்கு. டிபன் கடையில் சேருவது பெரும்பாலும் வாழை இலை, வெங்காயத் தோல், மிஞ்சிய சட்னி சாம்பார். மிஞ்சியதை ஒரு வடிகட்டியில் ஊற்றி, திப்பியை மட்டும் ஈர வாளிக்குப் போடுங்கள். எண்ணெய் மிதக்கும் சாம்பாரை வடிகட்டாமல் அப்படியே வடிகாலில் விட்டால் அது உறைந்து அடைத்துக்கொள்ளும், மழையில் தெருவே மிதக்கும். இலையை நடுநரம்பை நீக்கி நான்காக மடித்தால் ஒரு டிரம்மில் எவ்வளவோ கொள்ளும். வடை சுட்ட எண்ணெயைக் கறுத்துப்போகும் வரை ஓட்டாதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகும் கெட்ட பொருள்கள் (போலார் சேர்மங்கள்) 25 சதவீதம் தாண்டிய எண்ணெயில் சமைக்கக்கூடாது என்று 2018இலிருந்தே உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. தகர டின்னில் ஆறவைத்துச் சேர்த்தால், பயோடீசலுக்கு வாங்கும் அனுமதி பெற்றவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். பெயர் தெரியாத ஆள் வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். அது திரும்ப வேறொரு சட்டியில் ஏறும்.

பார்சல் விஷயம். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் பிளாஸ்டிக் கேரி பேக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. என் கடையில் தூக்கு கொண்டுவந்தால் சாம்பார் ஒரு கரண்டி அதிகம். இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவசரத்துக்கு வந்தவர்களுக்கு இலையில் கட்டி, மேலே தாள் சுற்றித் தருகிறேன்.

மண்டபம், பெரிய ஓட்டல், அடுக்குமாடி என்று தினமும் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் ஈரக் கழிவை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே மக்கவைக்க வேண்டும் என்பதும் முன்பு சொன்ன 2016 குப்பை விதியில் இருந்ததுதான். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் முகூர்த்த நாளில் இலைக் கட்டை ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாய் ஓரம் தள்ளிவிடும். தெருக்காரர்கள் போட்டோ எடுத்து, தேதியோடு வார்டு அலுவலகத்தில் கொடுத்தோம். அதன் பிறகு அங்கே தனி வண்டி வருகிறது. உங்கள் தெருவில் இப்படி நடந்தால் நேராகப் போய்ச் சத்தம் போடுவதைவிட, நான்கு பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.